முள் நிற்கும் இடம்

கூடத்தில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். வெளியே இருபது நாளாக விட்டு விட்டு மழை, வண்டியை விடக் கொட்டகையும் கிடையாது. டீச்சர் காலையில் எழுந்து வந்தால் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருந்தது. "சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துல பெட்ரோல் வாசனை. நல்ல குடும்பம்டா சாமி!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பல் தேய்க்கப் போவார்.

டீச்சர் என்றால் பாடம் நடத்திய டீச்சர் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு விசில் ஊதியவர். ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகியும் குரல் மட்டும் இன்னும் மைதானத்தில்தான் இருந்தது. அவருடைய ஒரே மகன் போர்டுக்காரன், கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவன். பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டில் எழுதிவிட்டு இப்போதுதான் மனைவியோடு ஊர் திரும்பியிருந்தான். வண்டி மனைவியுடையது. சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவனிடம்தான், "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" என்று கேட்டார்கள். அவனுக்கு வண்டி ஓட்டவே தெரியாது. பின்னால் உட்கார்ந்தால்கூடக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற ரகம்.

மனைவி நர்ஸ். வெளிநாடு போன புதிதில் பால் பாக்கெட் வாங்குவதற்குக்கூட அவனைத் துணைக்குக் கூப்பிட்டவள். மூன்றாம் வருஷம் இந்த வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களின் வீடு தேடிப் போய்ப் புண் கழுவிக் கட்டுப் போடும் வேலை கிடைத்தது. அதன் பிறகு அவள் நடையே மாறிப்போனது. சாயங்காலம் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கலைந்த தலையோடு, "பசிக்குது, என்ன இருக்கு?" என்று உள்ளே நுழைகிற அந்தப் பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கல்யாணம் பண்ணிக்கொண்டது வேறு ஒருத்தியையோ என்று சில நாள் சந்தேகம்கூட வரும்.

இங்கேயும் அதே வேலை தருவதாக ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வண்டி சொந்தமாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. இங்கே புதிதாக ஒன்று வாங்கக் கையில் பணம் இல்லை. பஸ் போகாத இடமெல்லாம் போக வேண்டிய வேலை. ஆனால் வண்டியை இந்த நாட்டுச் சாலையில் ஓட்டுவதற்குப் பரிசோதனையில் தேற வேண்டும். மூன்று முறைதான் காட்டலாம். மூன்றாவது முறையும் தவறினால் பதினைந்து நாளில் வண்டி நாட்டை விட்டு வெளியே போக வேண்டும், இல்லையென்றால் நசுக்கிப்போட்டுவிடுவார்கள்.

"வண்டி போனா நானும் அது பின்னாடியே போயிடுவேன்," என்று அவள் சிரித்தபடி சொன்னாள். பழைய ஆஸ்பத்திரிக்காரர்கள் மாதக் கடைசி வரை அவள் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். அந்தக் கடிதம் அலமாரியில் அவள் புடவைகளுக்கு மேலேயே கிடந்தது. அவனும் கூடச் சிரித்தான். அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் பரிசோதனையில் மூன்று குறைகளை எழுதிக் கொடுத்தார்கள். வேகமானியில் மைல் கணக்கு, இங்கே கிலோமீட்டர் வேண்டும். வெளிநாட்டில் அவர்கள் இருந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். அதனால் முன்விளக்கின் ஒளி வலப்பக்கமாக ஏறி அடித்தது. இடப்பக்கம் போகிற இந்த ஊரில் அப்படி அடித்தால் எதிரே வருகிறவன் கண் அவிந்துபோகும். மூன்றாவது, முன்னால் இருக்கிற மஞ்சள் விளக்குகள் இரண்டும் எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தன. இங்கே திரும்பும்போது மட்டும்தான் அவை மின்ன வேண்டும்.

விளக்கு வேலைக்கு மனைவியின் அண்ணனைக் கூப்பிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி ஃபேன், மிக்ஸி, ரேடியோ எல்லாம் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறவர். அவர் கை வைத்த வீட்டில் எல்லாம் ஒரு தடவையாவது கரண்ட் போகும் என்பதால் ஊரில் அவருக்குப் 'ஃப்யூஸ்' என்று பெயர். அவர் அதை ஒரு பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டு கடை போர்டிலேயே எழுதச் சொன்னார். எழுதியது போர்டுக்காரன்தான்.

மஞ்சள் விளக்கு ஒரு ஒயரைத் துண்டித்ததும் சரியாகிவிட்டது. பெரிய விளக்குதான் தண்ணி காட்டியது.

"இதுல என்ன இருக்கு மாப்பிள்ளை? வலது பக்கம் ஏறுது, அவ்வளவுதானே? கண்ணாடியைத் தலைகீழா மாட்டினா இடது பக்கம் ஏறிடப் போவுது," என்றார் ஃப்யூஸ்.

"அவ்வளவு சுலபமா மச்சான்?"

"படிச்சவங்களுக்குத்தான் எல்லாம் கஷ்டம்."

பட்டப்பகலில் ஜன்னல்களை எல்லாம் சாத்திப் போர்வை போட்டு மூடினார்கள். போர்டுக்காரன் நீலப்பொடி தடவிய நூலைச் சுவரின் இரண்டு முனையிலும் பிடித்துச் சுண்டி, கூடத்துச் சுவர் முழுக்க நேராக ஒரு கோடு போட்டான். கண்ணாடியைத் தலைகீழாக மாட்டி, வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். வெளிச்சம் கோட்டுப் பக்கமே போகவில்லை. நேராக உத்தரத்துக்கு ஏறி அங்கிருந்த ஒட்டடையை எல்லாம் எண்ணிக் காட்டியது.

அந்த நேரம் பார்த்தா டீச்சர் காய்கறிப் பையோடு உள்ளே வர வேண்டும்! இருட்டு வீடு, நடுவில் வண்டி, சுவரில் நீலக்கோடு, அண்ணாந்து பார்த்தபடி மூன்று பேர்.

"என்ன நடக்குது இங்க?"

"ஒண்ணுமில்ல அத்தை, லைட்டு பார்க்கிறோம்," என்றாள் மருமகள்.

"மேல யாரும்மா வண்டி ஓட்டிட்டு வர்றாங்க, பல்லியா?"

ஃப்யூஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டி மேலேயே சாய்ந்துவிட்டார். டீச்சர் சுவரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "போன மாசம்தான் வெள்ளையடிச்சேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். மறுநாள் ஃப்யூஸ் பழைய சாமான் கடையில், இந்த ஊர் வேன் ஒன்றில் இருந்த அதே அளவு வட்ட விளக்கைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். மாட்டிப் பார்த்தார்கள். வெளிச்சம் நீலக்கோட்டில் வலப்பக்கம் சமமாகப் படுத்து, இடப்பக்கம் மட்டும் மெல்ல ஏறியது. நாலு பேரும் கை தட்டினார்கள். டீச்சரும்தான்.

வேகமானி போர்டுக்காரனின் பொறுப்பு. கம்பெனியில் கிலோமீட்டர் தட்டு கேட்டால் நாலு மாதம் ஆகும் என்றார்கள். "எதுக்கு? எழுதுறதுதானே என் தொழில்," என்று அவன் மார் தட்டினான். மனைவிக்காகத் தன் கையால் ஒன்று செய்கிறோம் என்ற சந்தோஷத்தில் இரண்டு நாள் வேறு வேலையே எடுக்கவில்லை. தட்டைக் கழற்றினான். போர்டு எழுதுகிறவனுக்கு முதல் வேலை என்ன? பழைய எழுத்தைத் தடம் தெரியாமல் சுரண்டுவது. சுரண்டினான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். கறுப்பு அடித்தான். பிறகு பூஜ்யத்திலிருந்து நூற்றியிருபது வரை வெள்ளையில் எழுதினான்.

எப்படி எழுதினான் என்பதுதான் விஷயம். போர்டு எழுதுகிறவன் எழுத்துக்கு நடுவில் அளவுகோல் வைக்க மாட்டான். அப்படி வைத்தால் கோணலாகத் தெரியும். கண்ணால் பார்த்து, ஒல்லி எழுத்தை நெருக்கி, குண்டு எழுத்துக்குத் தாராளமாக இடம் விட்டு, மொத்தமும் நிறைவாகத் தெரிகிற மாதிரி எழுதுவான். இருபது வருஷம் அப்படியே எழுதிப் பழகிய கை, இங்கேயும் அப்படியே எழுதியது. எண்பதை உச்சியில் நடுநாயகமாக வைத்தான். இரண்டு பக்கமும் மற்றவை அணிவகுத்து நின்றன. பார்த்தவர்கள் எல்லாரும் அசந்துபோனார்கள். மனைவி ஈரம் காய்வதற்குள் இரண்டு முறை வந்து பார்த்தாள்.

இரண்டாவது பரிசோதனை. விளக்குகள் எல்லாம் தேறின. பரிசோதகர் அதிகம் பேசாத மனிதர். நல்லவரா கெட்டவரா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. வண்டியின் பின் சக்கரத்தை உருளை மேல் ஏற்றி ஓட்டச் சொன்னார். உருளைப் பெட்டியில் அறுபது என்று விழுந்தபோது குனிந்து வேகமானியைப் பார்த்தார். முள் நாற்பத்தைந்தில் நின்றது.

"யார் எழுதினது?"

"நான்தான் சார்," என்றான் போர்டுக்காரன். பாராட்டப்போகிறார் என்று நினைத்தான்.

"எழுத்து ரொம்ப அழகா இருக்கு. ஆனா இவங்க நாற்பத்தஞ்சுன்னு நினைச்சுக்கிட்டு அறுபதுல போவாங்க. விட முடியாது."

"பழைய நம்பர் எங்கெங்க இருந்துச்சுன்னு பார்த்துதானே எழுதினீங்க?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய நம்பர் எங்கே இருந்தது? அதைத்தான் தடம் தெரியாமல் சுரண்டியாயிற்றே! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம்.  வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து, அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அவன் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, வந்த சத்தம் தெரியாமல் சமையலறைக்குப் போனான்.

டீச்சர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"என்னடா, மூஞ்சி தொங்கிப்போச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

"அவ போயிடுவான்னு பயப்படுறியா?"

மறைக்க முடியவில்லை. "ஆமாம்மா. வண்டி இல்லாம அவ இங்க இருந்தா, இருப்பா. இல்லேங்கல. ஆனா பழையபடி பால் வாங்கக்கூட என்னைக் கூப்பிடுற மாதிரி ஆயிடுவாளோன்னு இருக்கு. அதைப் பார்க்கிறதுக்கு அவ போறதே தேவலை. அவ போனா நானும் போகணும். நீ மறுபடி தனியா..."

டீச்சர் தண்ணீரை வடித்தார். "பன்னிரண்டு வருஷம் தனியாதான் சமைச்சேன். ஒரு ஆளுக்குச் சோறு வச்சா ஒரு நாளும் ருசியா வராது, தெரியுமா? எனக்கும் பயமாத்தான் இருக்கு." கையைத் துடைத்துக்கொண்டார். "சரி, அழுது ஆகப்போறது என்ன. அந்த வண்டி எவ்வளவு வேகம் போகுதுன்னு தெரியணும், அவ்வளவுதானே?"

"ஆமா."

"ஓடுறவன் எவ்வளவு வேகம்னு முப்பத்திரண்டு வருஷம் நான் எதை வச்சுடா பார்த்தேன்?"

பீரோவில் இருந்து ஸ்டாப் வாட்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். சாலையில் கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். ஒரு கல்லில் இருந்து அடுத்த கல்லுக்குப் போக அறுபது வினாடி ஆனால் வேகம் அறுபது. தொண்ணூறு ஆனால் நாற்பது. நாற்பத்தைந்து ஆனால் எண்பது. சமையலறை மேடையில் அரிசி மாவைத் தூவி விரலால் கணக்குப் போட்டுக் காட்டினார். போர்டுக்காரன் அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். "விடுடா, இடுப்பு!" என்று அவர் கத்தியதில் மருமகள் ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்த முறை தட்டில் அவன் நம்பர் எழுதவில்லை. அளவுகோல் வைத்து, தட்டைச் சுற்றிச் சம இடைவெளியில் மெல்லிய கோடுகள் மட்டும் போட்டான். முள் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று மனைவி சொல்ல வேண்டும். எத்தனை வினாடி என்று டீச்சர் சொல்ல வேண்டும். பின்னால் உட்காரப்போவது டீச்சர்தான். மகனை நம்ப முடியாது, கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டுவிடுவான்.

மூன்று நாள் காத்திருந்து, மழை விட்ட ஒரு காலையில் கிளம்பினார்கள். சோதனை ஓட்டத்துக்கென்று கொடுத்திருந்த தற்காலிக நம்பரை மாட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ச்சாலைக்குப் போனார்கள். ஃப்யூஸ் தன் ஸ்கூட்டரில் போர்டுக்காரனை ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு கல்லுக்குப் பக்கத்தில் இருந்த பாலத்துச் சுவரில் இறக்கிவிட்டார். பிளாஸ்க்கில் டீ, அவித்த முட்டை, ஒரு நோட்டு. ஈரப் புல்லில் வெயில் பட்டு ஆவி எழும்பியது.

"அத்தை, நல்லாப் பிடிச்சுக்கோங்க."

"நீ முன்னாடி பாரு. நான் பார்த்துக்கிறேன்."

முதல் சுற்று முடிந்து திரும்பி வந்தார்கள். "இருபதாவது கோடு!" என்றாள் மனைவி. "எண்பத்தாறு வினாடி!" என்றார் டீச்சர். தொண்ணூறு வர வேண்டும். ஒரு கோடு குறைத்துப் போனார்கள். தொண்ணூறு! போர்டுக்காரன் நோட்டில் பத்தொன்பதாவது கோட்டுக்கு எதிரே நாற்பது என்று எழுதினான். அடுத்து அறுபது. அதற்கு ஐந்து முறை போய் வந்தார்கள்.

"கையை ஆட்டாதம்மா! ஒரே சீராப் போகணும். ஏறி இறங்கினா செல்லாது!" தூரத்தில் இருந்தே டீச்சரின் குரல் கேட்டது.

"காத்து அடிக்குது அத்தை!"

"காத்து எல்லாருக்கும்தான் அடிக்கும்! திருப்பு வண்டியை, மறுபடி!"

ஃப்யூஸ் முட்டையை உரித்தபடி, "மாப்பிள்ளை, என் தங்கச்சியை ஒலிம்பிக்ஸுக்கு அனுப்பாம உங்கம்மா விடமாட்டாங்க போல," என்றார்.

எண்பதில் போனபோது வண்டி பாலத்தை உரசுவது போலக் கடந்தது. டீச்சர் ஒரு கையால் மருமகளின் இடுப்பை வளைத்துப் பிடித்து, மறு கையில் வாட்ச்சை உயர்த்தியிருந்தார். வாய் நிறையச் சிரிப்பு. அம்மா அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் என்று போர்டுக்காரன் யோசித்துப் பார்த்தான், நினைவுக்கு வரவில்லை. இந்த முறை அவன் கண்ணை மூடவில்லை. மத்தியானம் வரை ஓடினார்கள். நோட்டு நிரம்பியது. இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் ஒரு கிராமமே குடியேறலாம். அறுபதும் எண்பதும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன.

வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது அவன் கை கூசியது. வாழ்நாளில் இவ்வளவு அசிங்கமான போர்டு அவன் எழுதியதில்லை. நாற்பதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளினால் எவ்வளவு லட்சணமாக இருக்கும்! விரல் தானாகவே தள்ளப் பார்த்தது. ஒரு தடவை தள்ளியும்விட்டான். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அதை அழித்து, பத்தொன்பதாவது கோட்டிலேயே எழுதினான்.

மூன்றாவது பரிசோதனைக்குக் குடும்பமே போயிற்று. ஃப்யூஸ் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். பரிசோதகர் வேகமானியைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார்.

"போன தடவை எவ்வளவு அழகா எழுதியிருந்தீங்க. இது என்ன தாறுமாறா இருக்கு?"

"முள்ளு நிக்கிற இடத்துல எழுதியிருக்கேன் சார்."

 வண்டியை உருளையில் ஏற்றினார்கள். மனைவி மெல்ல முறுக்கினாள். பெட்டியில் நாற்பது, முள் நாற்பது.  பெட்டியில் அறுபது, முள் அறுபதைத் தொட்டுக்கொண்டு ஒரு மயிரிழை மேலே. "மேல இருந்தா தப்பில்லை, கீழதான் இருக்கக்கூடாது," என்றார் பரிசோதகர். எண்பது. முள் போய் எண்பதின் மேல் உட்கார்ந்தது. ஃப்யூஸ் விசில் அடித்தார். பரிசோதகர் திரும்பிப் பார்த்ததும், நான் இல்லை என்பது போல டீச்சரைக் காட்டினார்.

பரிசோதகர் தாளில் கையெழுத்துப் போட்டுச் சன்னலுக்கு அனுப்பினார். உள்ளே இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள். "பதிவு எப்படி வேணும்? ஒரு வருஷத்துக்குத் தற்காலிகமாப் போடலாம். திரும்ப வெளிநாடு கொண்டுபோறதா இருந்தா அதுதான் வசதி. இல்லேன்னா நிரந்தரம்."

 போர்டுக்காரன் மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல், சன்னல் கம்பியில் பெயின்ட் உரிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நிரந்தரம்," என்றாள் மனைவி. யோசிக்கக்கூட இல்லை.

அவன் திரும்பினான். "அந்த லெட்டர்?"

"அதுக்கு அன்னிக்கே பதில் போட்டுட்டேன். ரோட்டுல இருந்து திரும்பி வந்தோமே, அன்னிக்குச் சாயங்காலம்."

"வண்டி தேறுமான்னே தெரியாதே அப்ப!"

"தெரியாதுதான். தேறலைன்னா சைக்கிள்ல போயிருப்பேன். அறுபத்து மூணு வயசுல அத்தை எனக்காக எண்பதுல வந்தாங்க. அவங்களை விட்டுட்டு எங்க போறது? வாயை மூடுங்க, ஈ போயிடப்போகுது."

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பொது இடம் என்று பார்க்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சன்னல் பெண் இப்போதுதான் நிமிர்ந்து, "கையை விட்டீங்கன்னா கையெழுத்துப் போடலாம்," என்றாள்.

வெளியே வந்தால் டீச்சர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின் இருக்கையில் தயாராக உட்கார்ந்திருந்தார். மகன் பேச வாயெடுப்பதற்குள், "நீ பஸ்ல வா," என்றார். ஃப்யூஸ் பக்கத்தில் ஏதோ ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி, தன் ஸ்கூட்டரோடு நைசாக நழுவிவிட்டார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

போர்டுக்காரன் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். வழியில் ஒரு டீக்கடையில் நின்றிருப்பார்கள் போலிருக்கிறது. கால் மணி நேரம் கழித்துப் பின்னால் இருந்து ஹாரன் கேட்டது. மோட்டார் சைக்கிள் பஸ்ஸை உரசாமல் ஒதுங்கி முந்திப் போனது. இரண்டு பேரும் அவனைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அது என் பொண்டாட்டிங்க," என்று யாரும் கேட்காமலேயே அவன் கண்டக்டரிடம் சொன்னான். "பின்னாடி எங்க அம்மா."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். "அப்ப உங்களை ஏன் விட்டுட்டுப் போறாங்க?"

"இடமில்லைங்க," என்றான் அவன், வாயெல்லாம் பல்லாக.